அம்மாயியைக் கன்வஸில் போடலாமா?

எங்கள் வீட்டில் ஆணி இறங்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பின்சுவர் மலைப்பக்கம், மழை பிடித்தால் இடுப்பளவுக்கு ஈரம் ஏறும். அடுப்படிச் சுவர் முழுக்கக் கரி. பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் சுத்தியலை வைத்தால் அந்தப் பக்கத்துச் சாமிப்படம் ஆடும். மிஞ்சுவது இஸ்தோப்புப் பக்கத்து முன்சுவர். அதில் முருகன் இருக்கிறார், கடைக்காரர் கொடுத்த கலண்டர் இருக்கிறது, என்னுடைய ஸ்கூல் பரிசளிப்புப் படம் இருக்கிறது. இந்த வருஷம் அங்கே அம்மாயியும் வரவேண்டும்.

அம்மாயி போய் வருஷம் திரும்பப் போகிறது. திதிக்கு முன்னால் படம் மாட்டியாக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். "நீதானே கம்பஸ் போற புள்ள, கண்டியில நல்ல கடையா பார்த்து பெருசா செஞ்சிட்டு வா" என்பதுதான் எனக்கு வந்த ஓடர். கலஹாவிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் போனில் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கம்பஸுக்கு நடுவே போகிற ரோட்டுக்கே கலஹா வீதி என்றுதான் பெயர். ஊர் பெயர் எழுதிய போர்டுக்குக் கீழே நின்று "போட்டோவை எதில் ப்ரின்ட் பண்ணலாம்" என்று படித்துக்கொண்டிருப்பேன்.

இந்த விஷயத்தில் வருகிற வழிகாட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுவர்தான் தெரியும். வெள்ளைச் சுவர், காய்ந்த சுவர், முன்னால் ஒரு சோபா. அந்தச் சுவருக்கு கன்வஸா, அக்ரிலிக்கா, அலுமினியமா, மரப்பலகையா என்று கேட்டு, ஒவ்வொன்றும் என்ன "மூட்" தரும் என்று சொல்லும். ஈரம், புகை, ஊதுபத்தி, சந்தனப் பொட்டு பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் நானே ஒவ்வொன்றாக எங்கள் சுவரில் மனசுக்குள் மாட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில், எந்தப் படம்?

அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது. அதன் ஃபினிஷ் அரசாங்கம் கொடுத்தது: லெமினேஷன். பழைய அட்டைகளில் பிளாஸ்டிக்கும் போட்டோவும் ஒன்றாக ஒட்டிப்போய் இருக்கும். பிரிக்கப் போனால் முகம் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். அந்தப் படத்தில் அம்மாயி, போலீஸுக்கு முன்னால் நிற்பவர் போல இருக்கிறார். அம்மா வேண்டாம் என்றார்.

மற்றது ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். 70களின் தொடக்கத்தில் எடுத்தது. முன்னால் கதிரையில் அம்மாயியின் அப்பாவும் அம்மாவும். பின்னால் அம்மாயி, அவருடைய தம்பி, தங்கச்சி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரண்டு நாடும் பங்கு பிரித்தது எல்லாருக்கும் தெரியும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்து, 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரு வீட்டுக்குள் அந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதற்கு இந்தப் படம் ஒரு சாட்சி. அம்மாயி அப்போது கல்யாணம் முடித்தவர். தாத்தா இலங்கைக்கு எழுதியிருந்ததால் அவரும் இங்கே. மற்ற நாலு பேரும் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி, கடைசியில் நீலகிரி கூடலூருக்குப் போனார்கள். இங்கிருந்து போனவர்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம் போட்டது, டான்டீ என்பார்கள். கொழுந்தெடுத்தவர்கள் கடல் தாண்டிப் போயும் கொழுந்தே எடுத்தார்கள். போவதற்கு முன்னால் எல்லாருமாகக் கண்டிக்கு வந்து எடுத்த படம் இது. ஸ்டூடியோவில் இரண்டு பிரதி போட்டார்கள். ஒன்று இங்கே தங்கியது, ஒன்று அவர்களோடு போனது.

எங்களுடைய பிரதியை யாரோ அந்தக் காலத்திலேயே கண்ணாடி போட்டு பிரேம் அடித்துவிட்டார்கள். படம் நேராகக் கண்ணாடியில் படும்படி. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பக்கம் ஜெலட்டின். ஜெலி செய்கிற அதே சாமான்தான். ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் ஒட்டும். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் இளகிப் பாதி நாள் காய்ந்து, ஐம்பது வருஷத்தில் படமும் கண்ணாடியும் ஒன்றாகிவிட்டன. தம்பியின் முகத்தில் பாதி கண்ணாடியில் இருக்கிறது. மூலையில் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. அம்மாயியின் சேலைக்கரை எது, பூஞ்சணம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படி ஒட்டிய படம் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடேயே கெமராவில் எடுக்கலாம். கறுப்புத் துணியை எதிரில் பிடித்து, வெளிச்சத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக விட்டால் பளபளப்பு விழாது. கொமினிகேஷன் கடைகளில் இருக்கிற மெல்லிய ஸ்கேனர்களில் வைத்தால் மங்கலாகத்தான் வரும். கண்ணாடியின் மேலே தொட்டுக்கொண்டிருக்கிற பொருளைத்தான் அவை கூராகப் பிடிக்கும். அரை சென்ரிமீற்றர் தள்ளிப்போனாலே போச்சு.

எங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. கூடலூர் மாமாவுக்கு, அதாவது அம்மாயியின் தங்கச்சி மகனுக்கு, அம்மா வட்ஸ்அப்பில் பேசினார். அவர்களுடைய பிரதி ஐம்பது வருஷமாக ட்ரங்குப் பெட்டிக்குள், ஒரு கல்யாணப் புடவை மடிப்பில் கிடந்திருக்கிறது. வெளிச்சம் படவில்லை, கண்ணாடி படவில்லை. மாமா போனில் எடுத்து அனுப்பியதைப் பார்த்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரே நெகட்டிவ், ஒரே நாள், ஒரே கடை. ஆனால் அங்கே அம்மாயிக்குக் கம்மல் இருக்கிறது. எங்கள் பிரதியில் அந்தக் கம்மல் காணாமல்போய் எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது.

வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படத்தை அது நசுக்கித்தான் அனுப்பும். "டொக்கியுமென்ட்டா அனுப்புங்க மாமா, அதுக்கு முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, 600இல வைக்கச் சொல்லுங்க" என்று மூன்று நாள் வொய்ஸ் மெசேஜ் போனது. கூடலூர் பஜாரில் ஒரு பையன் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தான். நன்றி தம்பி.

இதற்கு நடுவில் மச்சான் ஒருவன் ஏதோ ஆப்பில் போட்டு "கிளியர்" ஆக்கி அனுப்பினான். தோல் வழுவழு என்று, கண் பளபள என்று, பல்வரிசை எல்லாம் நேராக, சீரியல் நடிகை மாதிரி ஒரு பெண். அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். அவ்வளவுதான். மங்கலான இடத்தில் அந்த ஆப்கள் தேடிக் கண்டுபிடிப்பது ஒன்றுமில்லை. வேறு ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து இட்டுக்கட்டுகின்றன. ஒரே ஒரு படம் இருக்கிற ஆளுக்கு அதைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி. இரண்டு தலைமுறை போனால் அந்த நடிகைதான் எங்கள் அம்மாயி ஆகிவிடுவார்.

இனிக் கடை. கண்டி டவுனில் மாடிப்படி ஏறிப்போகிற ஒரு கடை. நானும் அம்மாவும் போனோம். கன்வஸ் மாதிரி என்று சுவரில் பெரிதாக ஒன்று மாட்டியிருந்தார்கள். என்ன படம் என்று நினைக்கிறீர்கள்? கொழுந்துக்காரி. மலை முழுக்கப் பச்சை, சிவப்புச் சேலை, வெள்ளைச் சிரிப்பு. ஆறடி அகலம். அம்மா கிட்டப்போய்ப் பார்த்தார். "கூடையில கொழுந்தே இல்லையே" என்றார். கடைக்கார அண்ணாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெட்டில் எடுத்த படமாம்.

இதற்கு ஒரு பழைய சங்கிலி இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்று இங்கிலாந்தில் பேர்போன போட்டோக்காரி. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கோப்பி தோட்டம் வைத்திருந்த குடும்பம். 1879இல் இங்கேயே இறந்துபோனார். இங்கே அவர் எடுத்தவற்றில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் பலவற்றில் நிற்பவர்கள் தோட்டத்தில் வேலை செய்த தமிழ் ஆட்கள். ஈரமான இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில் எடுத்து, அது காய்வதற்குள் கழுவி, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்துப் பதிப்பித்தவை. இன்றைக்கு அவை வெளிநாட்டு மியூசியங்களில், ஈரப்பதம் அளந்து, வெளிச்சம் குறைத்து, பத்திரமாக இருக்கின்றன. படத்தை எடுத்தவரின் பெயர், வருஷம், தாள் வகை, நீள அகலம் எல்லாம் எழுதியிருக்கும். படத்தில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. எங்கள் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் தாடி முகம் எனக்கு ஸ்கூல் புத்தகத்திலிருந்தே தெரியும். அந்த 19 ஏக்கரை வெட்டித் துப்புரவாக்கி நட்டவர்களில் ஒருவரின் முகம்கூடத் தெரியாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையையே "பேர்" என்றுதான் கணக்குப் போடுவார்கள், முழுப்பேர், அரைப்பேர் என்று. படத்தில் மட்டும் பேர் விழவில்லை.

கன்வஸுக்கு வருகிறேன். கடைக்கார அண்ணா அதைத்தான் சொன்னார், காரணமும் நியாயமானது. துணியின் நெசவு படத்தின் மங்கலை மறைத்துவிடும். பளபளப்புத் தாளில் தெரிகிற குறை கன்வஸில் "ஓவியம் மாதிரி" ஆகிவிடும். கண்ணாடி வேண்டாம், பாரம் இல்லை. ஆனால் துணி துணிதான். ஈரத்தைக் குடிக்கும். மரச்சட்டத்தில் இழுத்து அடித்திருப்பதால் மழைக்காலத்தில் தொய்யும். அதன் முதுகில் இருட்டும் காற்றில்லாத வெளியும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 70 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும். எங்கள் ஊரில் அது அபூர்வமான நிலை இல்லை. அடுப்புப் புகை நெசவுக்குள் இறங்கினால் துடைத்து எடுக்கவும் முடியாது.

அலுமினியத் தகட்டில் பதிக்கிற முறையும் இருக்கிறது, கொழும்பில் செய்து தருவார்கள் என்றார். உண்மையில் ஈரத்துக்கு அதுதான் நல்லது. துடைக்கலாம், பூஞ்சணம் பிடிக்க இடமில்லை. ஆனால் வெள்ளை அடிப்பூச்சு இல்லாத தகட்டில் படத்தின் வெள்ளை எல்லாம் வெள்ளியாக மின்னும். அம்மாயியின் நரைக்காத தலையும் ஸ்டூடியோத் திரையும் ஸ்டீல் பாத்திரம் மாதிரி மினுங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விலையும் அம்மாவின் கனநாள் பேர். அக்ரிலிக் அதைவிட. அழகுதான், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். எம்டிஎஃப் பலகையில் ஒட்டி லெமினேட் பண்ணுவது மலிவு. நிறைய வீடுகளில் இப்போது அதுதான். அந்தப் பலகையின் ஓரத்தில் ஈரம் ஏறினால் பிஸ்கட் மாதிரி உப்பும். ஃப்ளெக்ஸ் பற்றி ஏன் பேசவேண்டும், எட்டாம் நாளுக்கு அடித்த அம்மாயியின் ஃப்ளெக்ஸ் இப்போது பக்கத்து வீட்டு விறகை மூடிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல கெட்டியான படங்கு.

அம்மா இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கண்ணாடி இல்லாட்டி பொட்டு எங்க வைக்கிறது?"

எந்த வழிகாட்டியிலும் இல்லாத கேள்வி. செத்தவர் படத்துக்கு சந்தனமும் குங்குமமும் வைப்போம், மாலை போடுவோம், கீழே விளக்கு வைப்போம். ஈரச் சந்தனம் கன்வஸில் பட்டால் கறை, வெறும் தாளில் பட்டால் ஓட்டை. அக்ரிலிக்கை வாரா வாரம் துடைத்தால் கீறல். கண்ணாடியை ஈரத்துணியால் ஐம்பது வருஷம் துடைக்கலாம். பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடி ஒரு பாதுகாப்பு உறை. எங்கள் வீடுகளில் அது அம்மாயியின் நெற்றி. அதைத் தொடத்தான் படமே.

கண்ணாடி என்று முடிவானதும் மற்றதெல்லாம் தானாக இறங்கி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

பொட்டும் மாலையும் செத்தவருக்கு. குடும்பப் படத்தில் இருக்கிற சின்ன அம்மாயி கூடலூரில் உயிரோடு இருக்கிறார். அந்தப் படத்துக்கு மாலை போட முடியாது. ஆகவே அம்மாயியைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். இதில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் பேச்சு. அந்த ஐந்து பேரும் கடைசியாக ஒன்றாக நின்ற இடம் அது. ஒப்பந்தம் செய்த வேலையை நானும் கத்தரிக்கோல் வைத்துச் செய்வதா? அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "அவங்க இங்கதானே இருந்தாங்க, தனியாத்தானே இருந்தாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்கு ஒரு பக்கம் உதவியது. மூலப்படம் 6க்கு 8 அங்குலம். அதில் அம்மாயியின் முகம் என் கட்டைவிரல் நகத்தளவு. 600இல் ஸ்கேன் பண்ணினாலும் முகத்துக்கு மேலிருந்து கீழாகச் சுமார் 300 புள்ளிதான் கிடைக்கும். அம்மா கேட்ட 12க்கு 18இல் போட்டால் முகம் ஐந்து அங்குலம் வரும், அங்குலத்துக்கு 60 புள்ளி. கஞ்சி. 5க்கு 7இல் போட்டால் முகம் ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 200. அதில் கம்மல் தெரியும். பெரிதாக்கினால் மரியாதை என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். இந்த முகத்துக்குச் சிறிதாக வைப்பதுதான் மரியாதை. அம்மாவுக்கு இரண்டையும் கடையின் கொம்பியூட்டரில் அந்தந்த அளவிலேயே காட்டச் சொன்னேன். பார்த்துவிட்டு அவரே சின்னதைக் காட்டினார்.

ஆகவே இரண்டு படம். அம்மாயி தனியாக 5க்கு 7; 8க்கு 10 பிரேமுக்குள், சுற்றிவர வெள்ளை மவுன்ட் போர்ட். அந்த போர்ட் அழகுக்கு என்று நினைப்பார்கள். அதன் முதல் வேலை கண்ணாடியைப் படத்தில் தொடவிடாமல் தள்ளி வைப்பது. ஐந்து பேரும் இருக்கிற முழுப்படம் மூல அளவிலேயே, அதே மாதிரி பிரேமில், மாலை இல்லாமல், என் பரிசளிப்புப் படம் இருந்த ஆணியில்.

தாள் வழுவழுப்பான மெட். பளபளப்புத் தாளைக் கண்ணாடிக்குள் போட்டால் இரண்டு மடங்கு மினுக்கம். பட்டு மாதிரிச் சொரசொரப்பு வைத்த தாளும் வேண்டாம் என்றேன். பழைய ஸ்டூடியோப் படங்களில் அந்த வகையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு புள்ளியும் தனியாக மின்னித் தொலைக்கும். நாளைக்கு யாரோ ஒருத்தி இந்தப் படத்தை ஸ்கேன் பண்ண வேண்டிவரலாம். கலர் லேப் தாளில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். அதனால் பிக்மென்ட் மையில் போடச் சொன்னேன், அது வெளிச்சத்தையும் ஈரத்தையும் சாயமையைவிடக் கூடுதலாகத் தாங்கும். சேலைக்குக் கலர் கொடுக்கவா, பின்னால் கோயில் கோபுரம் போடவா என்று கேட்டார்கள். இலவசமாம். வேண்டாம் என்றோம்.

பிரேமின் பின்னால் வைக்கிற பழுப்பு அட்டையில் அமிலம் உண்டு, ஈரமும் குடிக்கும். அமிலமில்லாத அட்டை கடையில் இல்லை. ஆகவே படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் பழைய ஓஎச்பி ஷீட் ஒன்றை வைத்தோம்; அது பொலியெஸ்டர், ஈரத்தை விடாது. ராமபாணப் பூச்சி போகாமல் பின்பக்கம் சுற்றிவர டேப். கீழ் மூலைகள் இரண்டிலும் போத்தல் கார்க்கை வெட்டி ஒட்டினேன், சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்றுப் போக. இந்தக் கார்க் வேலைக்குக் காசே இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் இதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பின் அட்டையில் பென்சிலால் ஐந்து பேரின் பெயரையும் நின்ற வரிசையில் எழுதினோம். அம்மாயியின் தம்பியை எல்லாரும் சின்னத்தம்பி என்றே கூப்பிட்டதால் சரியான பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை. சின்ன அம்மாயியிடம் போனில் கேட்டோம். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அந்தச் சட்டை கடையில் இரவல் வாங்கிப் போட்டது என்றும் சொன்னார்.

மாமாவுக்கும் ஒரு பிரதி இங்கேயிருந்து போட்டு அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாமாம், ஃபைல் மட்டும் போதுமாம். கூடலூரிலும் மழை எங்கள் ஊருக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தும், அவர் கன்வஸ்தான் போடப் போகிறார். ஐந்து பேரையும், நாலடி அகலத்தில்.